நடை வேகத்தில் வந்த பதில்

அந்தக் கால்வாயில் நடக்கிற மனிதனைவிட வேகமாக எதுவும் போகக்கூடாது. படகுகள் மட்டுமல்ல, காற்றும் உதிர்கிற இலையும் பேச்சும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான். அதனால் படகு ஓடும்போது முன்னால் இருப்பவர் பேசுவது பின்னால் நன்றாகக் கேட்கும். பின்னால் சுக்கான் பிடிப்பவர் பேசுவது படகோடு சேர்ந்தே நகர்ந்துகொண்டிருக்கும். முன்னால் வந்து சேராது. படகு நின்றால்தான் வரும். அதுவும் சொன்ன வரிசையில் வரும், முந்துவது அங்கே மரியாதையில்லை.

இங்கிலாந்தில் இலையுதிர்காலம் முடிகிற நேரம். தவமலர் காலையிலேயே பெட்டியோடு படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இன்னொரு விண்டர் இந்தப் படகில என்னால ஏலாது. பின்னேர ரெயிலில அக்கா வீட்ட போறன். இருக்கச் சொன்னா இருக்கிறன்," என்றாள்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். பின்னால் கணவர் குலசிங்கத்தின் உதடு அசைந்தது. பதில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சட்டம் அனுமதித்த வேகத்துக்கு இம்மியும் கூடாமல் குறையாமல் ஓட்டுகிற மனிதர். பதில் முன்னால் போய்ச் சேரக் கொஞ்சம் மெதுவாக ஓட்டலாமே என்று அவருக்குத் தோன்றினால் அவர் குலசிங்கமே இல்லை.

எழுந்து பின்னால் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. கல்யாணமான நாள் முதல் அவளே நடந்து போய்க் கேட்டாயிற்று. இன்றைக்குப் பதில் நடந்து வரட்டும்.

மதியம் போல படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சருகு சுற்றிக்கொண்டது. உதறிவிட அவர் படகைச் சற்றே பின்னோக்கி ஓட்டினார். தவமலர் காதைத் தீட்டிக்கொண்டாள். காலையில் புறப்பட்டபோது சொன்னவை முதலில் வந்தன.

"கயிறு ஈரம். கவனம்."

"தேத்தண்ணி இருக்கே?"

"அந்த வாத்து எங்களையே பாக்குது."

அதற்குள் படகு முன்னோக்கிப் புறப்பட்டுவிட்டது. அவள் வாத்தைத் திட்டினாள். பின்னால் அவர் மறுபடி ஏதோ சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

ரெயில் நிலையத்தை ஒட்டிய துறையில் படகு நின்றது. தவமலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். காலையில் சொன்னது மெல்ல நடந்து வந்து சேர்ந்தது.

"போகாதையும். உம்மை விட்டிட்டு இருக்க எனக்கு ஏலாது."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் மனிதரை அவளுக்குத் தெரியும். தனக்கென்று கேட்டதில் அரை நாள்கூடப் பிடிவாதமாக நிற்கத் தெரியாதவர். மதியம் கண்ணைத் துடைத்தபோது சொன்னது அடுத்ததாக வந்துகொண்டிருக்கும். "சரி, சந்தோஷமாப் போயிட்டு வாரும்" என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்கும்?

"படகை எடுங்கோ!" என்று கத்தினாள். "கெதியா!"

அவர் எடுத்தார்.

அதன் பிறகு அவர்கள் நிற்கவேயில்லை. விண்டரும் பின்னால் நடை வேகத்தில்தான் வருகிறது. இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. பாதி வழி வந்த அந்தக் கடைசிப் பேச்சு படகின் நடுவில் அடுப்புக்கு மேலே அப்படியே நிற்கிறது. தவமலர் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு பின்னால் போகும்போது, அதில் காது படாமல் குனிந்து போகிறாள்.