சுடர்விழி படம்பிடித்த மழை

வல்லத்திராக்கோட்டை சமுதாயக் கூடத்துக்குள் மார்கழி பத்தொன்பதாம் தேதி மாலை ஆறரை மணிக்கு மழை பெய்தது. வெளியே ஒரு துளிகூட இல்லை. உள்ளே சுடர்விழியும் வசந்தகுமாரும் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டி, மைக் ஒட்டி, அவன் வில்லால் வாசிப்பான். ஐந்து வருடமாகத் தான் படம்பிடித்த மழைகளை அவள் அந்த ஓசைக்கேற்ப வெட்டியும் கலந்தும் திரையில் ஓட்டுவாள். சென்னையிலும் பெங்களூரிலும் யாரும் நனைந்ததில்லை. இங்கே வந்திருந்த நாற்பத்திரண்டு பேரும் நனைந்தார்கள். பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்கள்.

அன்றிரவு வீட்டில் சுடர்விழி லேப்டாப்பைத் திறந்தபோது, அன்று ஓட்டிய காட்சிகளில் மழை இல்லை. திருமயம் சாலையில் வெயில் அடித்தது. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் படத்திலேயே இல்லை. நகல்களிலும் அப்படித்தான்.

மறுநாள் பிச்சைமுத்து என்ற விவசாயி வந்தார். கண்மாய் வறண்டு, நெல் கதிர் தள்ளும் தறுவாயில் பொதி கட்டித் தண்ணீரில்லாமல் நின்றது. "கூடத்துக்குள்ள பெஞ்சது வீணாத்தானே தாயி போச்சு? வயலுக்கு வந்து வாசிங்களேன்" என்றார். வரப்பில் வெள்ளைத் துணி கட்டி, பொழுது சாய்ந்ததும் வாசித்தார்கள். ஸ்பீக்கர் சத்தம் எட்டிய தூரம் மழை பெய்தது. நான்கு நாளில் ஊர் வயல் நனைந்தது, சேர்த்த மழையும் தீர்ந்தது. கிழக்குக் கடைசியில், செவந்தி தனியாளாகப் பயிரிட்ட ஒன்றரை ஏக்கர் மட்டும் பாக்கி.

எந்த மேடையிலும் ஓட்டாத ஒரு படத்துண்டு சுடர்விழியிடம் இருந்தது. பதினொரு நிமிடம். புதுக்கோட்டை வீட்டு மாடியில் அவளுடைய அம்மா அழகம்மாள் கொட்டுகிற மழையில் ஓடிவந்து, கொடித்துணிகளை வாரிக்கொண்டு, "உள்ள போடி" என்று கத்திவிட்டுப் போகிறாள். அது நாற்பது விநாடி. மீதி வெறும் மாடி. இரண்டு வருடம் முன்பு இறந்துபோன அம்மா அசைகிற படம் வேறு கிடையாது. மழை போனால் அம்மா எதற்கு மாடிக்கு வருவாள் என்று அவள் பயந்தாள்.

விஷயம் தெரிந்து செவந்தியே வந்தாள். "அத ஓட்டாதீங்க. நெல்லு போனா அடுத்த வருசம் போட்டுக்குவேன். ஒங்கம்மாவுக்கு எங்கிட்டுப் போவீங்க?"

வசந்தகுமார் வில்லைக் கையில் எடுத்தான். "நீ சொன்னா கம்பிய இறுக்குறேன்" என்றான்.

"இறுக்கு" என்றாள் சுடர்விழி.

அன்று அவள் திரையைப் பார்க்கவில்லை, வயலைத்தான் பார்த்தாள். பதினொரு நிமிடமும் நின்று பெய்தது. தைக் கடைசியில் செவந்தி மற்றவர்களைப் போலவே அறுத்தாள்.

அறுப்பு முடிந்த பிறகுதான் சுடர்விழிக்கு அந்தத் துண்டைத் திறக்கத் துணிவு வந்தது. மாடியில் நல்ல வெயில். அழகம்மாள் மெதுவாகப் படியேறி வந்தாள். மழை இல்லாததால் அவளுக்கு அவசரமில்லை. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்தாள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். பதினோராவது நிமிடத்தில் எழுந்து, "கீழ வா, சோறு ஆறுது" என்றாள்.

"இந்தா வாரேம்மா" என்று சுடர்விழி லேப்டாப்பை மூடினாள்.