பலகைப் பாதை பூட்டியிருந்தது

அன்று காலை கடற்கரை விடுதியின் மேலாளர் அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மேசைக்குப் பின்னால், ஏசி காற்று நேரே பிடரியில் படும்படி, மேலாளர். அவருக்கு வலப்பக்கம் கணினிக்கு முன்னால் தட்டச்சு செய்யும் பெண். கதவோரம், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி நின்றபடி, விடுதியின் காவலாளி. மேசைக்கு இந்தப் பக்கம் மைக்கக்கா. அவளுக்கு அடுத்த நாற்காலியில் அவள் கொழுந்தன்; அவனுடைய இரண்டு பாதங்களும் துணிக்கட்டோடு இன்னொரு நாற்காலியின் மேல் நீட்டிக் கிடந்தன. காவலாளிக்குக் கிடைக்காத நாற்காலி கொழுந்தனின் கால்களுக்குக் கிடைத்திருந்தது.

மைக்கக்கா என்பது ஊர் வைத்த பெயர். அப்பா விட்டுப்போன மைக்செட் கடையைக் கையில் எடுத்தவள். ஒயர் இழுப்பதிலிருந்து காணாமல் போன குழந்தைக்கு அறிவிப்புச் செய்வது வரை எல்லாம் அவளே. கணவன் வண்டி ஓட்டுவான்; வாயைத் திறக்கமாட்டான். வீட்டில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் கொழுந்தன் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தான்.

கடற்கரையில் விடுதியின் ஆண்டு விழா, இரண்டு நாள். வண்டி நிற்கிற இடத்திலிருந்து அலையோரத்து மேடை வரை, இருபுறமும் கைப்பிடி வைத்து, மெருகு போட்ட பலகைப் பாதை ஒன்று உண்டு. சக்கரம் பட்டால் மெருகு போய்விடும் என்று அதன் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டார் மேலாளர். மாலையில் விழாவுக்கு விருந்தினர் வரும் நேரத்துக்குத் திறந்தால் போதுமாம். மைக்கக்கா கேட்டுப் பார்த்தாள். காவலாளி, உத்தரவு என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆகவே முந்தைய நாள் உச்சிவெயிலில் எல்லாம் மணல்வழியே போயின. மணலில் சக்கரம் உருளாது, புதையும். அதற்கு மைக்செட்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, அச்சடித்த வழவழப்பான பக்கம் மண்ணில் படும்படி போட்டு, மேலே ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டி இழுப்பார்கள். பேனரில் யார் படம், என்ன எழுத்து என்று யாரும் பார்ப்பதில்லை. கனமாக இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பதோடு சரி. இந்தப் பேனர் போன வருஷம் இதே விடுதியின் குப்பைமேட்டில் பொறுக்கியது.

முன்கயிறு கொழுந்தனுடையது. கால் புதைகிற மணலில் பாரம் இழுக்கும்போது செருப்பு நிற்காது. முதலில் ஒன்று கழன்றது, பிறகு மற்றது. நடுவில் நிறுத்தினால் பெட்டி அமுங்கிவிடும், மறுபடி கிளப்ப முடியாது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காலோடு இழுத்தான். மேடையருகே வந்து உட்கார்ந்தபோதுதான் பாதம் முழுக்கக் கொப்புளம் என்று தெரிந்தது. பெட்டிகளை இறக்கிய கையோடு காற்று பேனரைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. மாலை போட்டுக்கொண்டு கைகூப்பிய விடுதித் தலைவரின் முகம், மூக்கு இருந்த இடம் வெள்ளையாகத் தேய்ந்துபோய், வானத்தைப் பார்த்துச் சிரித்தது. அந்த நேரம் பார்த்துத் தலைவரின் சம்பந்தி வீட்டார் அந்தப் பக்கம் வந்தார்கள்.

அதற்குத்தான் இந்த விசாரணை. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்று இரவு விழாவும் இந்த சீசன் முழுக்க வேலையும் அவர்களுக்கே. இல்லாவிட்டால் இல்லை என்றார் மேலாளர். மைக்கக்கா தகராறு செய்ய வரவில்லை. ஒரு மனிதரின் முகத்தை மண்ணில் தேய்த்தது தப்புதான், தெரியாமல் செய்தாலும் தப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். கடையில் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கும் எண்ணமே இந்த சீசனை நம்பித்தான் இருந்தது.

தட்டச்சுப் பெண் தாளை நீட்டினாள். முதல் பத்தி முகத்தைப் பற்றியது, சரியாகவே இருந்தது. பேனாவைத் திறந்தபடியே இரண்டாவது பத்திக்குப் போன மைக்கக்கா அங்கேயே நின்றாள். பலகைப் பாதை எப்போதும்போல் திறந்திருந்தது என்றும், எங்கள் ஆட்கள் தாங்களாகவே விரும்பி மணல்வழியில் சென்றார்கள் என்றும் அதில் இருந்தது.

“அண்ணே, நேத்து அந்தக் கதவு திறந்தா இருந்துச்சு?” என்று காவலாளியைக் கேட்டாள்.

காவலாளி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது சும்மா ஒரு வரி, தலைமை அலுவலகத்துக்குக் காலில் காயம் என்று அறிக்கை போகும்போது கேள்வி வரக்கூடாது என்பதற்காக, என்று மேலாளர் தணிந்த குரலில் விளக்கினார்.

“போட்டுடுங்க அண்ணி. கால்தானே, ஆறிடும். வேலை போனா ஆறாது” என்றான் கொழுந்தன்.

அவள் அவனைப் பார்த்தாள். எப்போதும் சிரிப்பு காட்டுகிற முகம் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தது. அன்று விடிகாலையில் அவனைக் கழிப்பறைக்கு அண்ணன்காரன் முதுகில் தூக்கிப் போனது அவள் கண்முன் வந்தது.

“மூக்குக்கு மன்னிப்பு கேக்கறேன் சார். பத்துத் தடவை வேணும்னாலும் கேக்கறேன். ஆனா இவன் ஆசைப்பட்டுக் காலைச் சுட்டுக்கிட்டான்னு என் கையால எழுதிக் குடுக்க மாட்டேன்.”

பேனாவை மூடினாள். மேலாளர் தாளை இழுத்துக்கொண்டார். அப்படியானால் சாமான்களை இப்போதே எடுத்துப் போகலாம், வந்த வழியிலேயே, என்றார்.

வெளியே வெயில் ஏறிவிட்டிருந்தது. கணவன் கொழுந்தனை முதுகில் சுமந்துபோய் வண்டியில் உட்கார வைத்தான். மைக்கக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். கூலியாட்கள் ஒயரைச் சுருட்டக் குனிந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்விட்சைப் போட்டு மைக்கை விரலால் தட்டினாள். கரை முழுக்கத் ‘தொப், தொப்’ என்று கேட்டது. குடைகளுக்கு அடியில் படுத்திருந்த விருந்தினர்கள் தலையைத் தூக்கினார்கள்.

“அன்பான விருந்தினர்களின் கவனத்திற்கு ஓர் அறிவிப்பு. நேற்று இந்த மேடைக்கு ஒலிபெருக்கிகளை மணலில் இழுத்து வந்தவரின் பாதங்கள் வெந்துவிட்டன. பக்கத்தில் இருந்த பலகைப் பாதை பூட்டியிருந்தது. இப்போதும் பூட்டியிருக்கிறது. அதன் சாவியை வைத்திருப்பவர் எங்கிருந்தாலும் உடனடியாகப் பாதையின் கதவுக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்வது அவள் தொழில் வழக்கம். இதையும் இரண்டு முறை சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாவது முறை தொடங்கும்போது மேலாளர் மணலில் ஓடிவந்தார். அவர் ஷூவுக்குள் மணல் புகுந்து நடை கோணியிருந்தது. மைக்கை அணைக்கச் சொன்னார்.

“கதவைத் திறந்தா தானா அணைஞ்சிடும் சார். ஒயரைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போகத்தானே போறோம்.”

ஒரு விருந்தினர் அம்மாள் குடைக்கு வெளியே வந்து, ஏன் திறக்கவில்லை என்று மேலாளரையே கேட்டார். மேலாளர் தூரத்தில் நின்ற காவலாளியைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். சங்கிலி விழுந்த சத்தம் மேடை வரை கேட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தம் சக்கரத்திலேயே பலகைமேல் கடகடவென்று உருண்டு போயின. கடைசிப் பெட்டியை மைக்கக்காவே தள்ளினாள். கதவருகே நின்ற காவலாளி அவள் முகத்தைப் பார்க்காமல், சக்கரம் தட்டாதபடி படியில் ஒரு பலகைத் துண்டைக் காலால் நகர்த்திப் போட்டார்.

மத்தியானம் கடையில் உட்கார்ந்து தலைவருக்கே கடிதம் எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் பள்ளியில் சொல்லித்தந்த முறையில். தங்கள் படம் என்று தெரியாமல் பேனரை மண்ணில் இழுத்ததற்கு வருந்துகிறோம். பாதை பூட்டியிருந்தது, திறக்கக் கேட்டும் திறக்கவில்லை. திறந்திருந்தது என்று யாராவது எழுதி அனுப்பினால் அது பொய். இனி எங்களை அழைப்பதும் அழைக்காததும் தங்கள் விருப்பம். ஆனால் யார் சாமான் கொண்டுவந்தாலும் அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

படித்துக் காட்டியபோது, தன் காலையும் அவர் மூக்கையும் நேர் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னான் கொழுந்தன். கடிதத்தில் கிண்டல் கூடாது என்று அவள் மறுத்துவிட்டாள். அதுவரை வாசலில் நின்ற கணவன் உள்ளே வந்தான்.

“இனிமே அந்தப் பக்கமே வேலை வராது. தெரியும்ல?”

“தெரியும்.”

அவன் அலமாரியிலிருந்து கோந்துப் புட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் உறையின் ஓரத்தில் கோந்து தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போகட்டும் என்று சொல்லி, தபால் நிலையம் மூடுவதற்குள் தானே நடந்துபோய்ச் சாளரத்தில் நீட்டினாள். எழுத்தர் முத்திரையைக் குத்தி உறையைச் சாக்குக்குள் போட்டார்.