எழுப்பக் கூடாது

தங்கமாரி ஐஸ் பெட்டியின் கண்ணாடியை மறுபடி துடைத்தாள். துணியை எடுத்ததுமே பனி மூடிக்கொண்டது.

உள்ளே மூச்சு விடுகிறாளோ?

சே! அக்கா பூமாரி நேற்றே போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். காலையிலேயே வெடித்திருக்கும், மூச்சு குறட்டை மாதிரி இழுத்திருக்கும் என்றார் டாக்டர்.

"தள்ளிக்கோ கண்ணு, கரண்ட் வயரு கீது" என்றாள் வீட்டு ஓனரம்மா ரத்னா. "உங்கம்மா எங்க வர்றாங்களாம்?"

"சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியாச்சாம்."

ஒரகடத்தில் அந்த ஒற்றை அறை, ஒரே பாய். அக்காவுக்கு நைட் ஷிஃப்ட், தங்கைக்குப் பகல். வந்து படுத்தவளை எழுப்பக் கூடாது. விளக்கு போடக் கூடாது. டிபன் பாக்ஸைக்கூட வெளியே போய்த்தான் மூட வேண்டும். சட்டம் போட்டவளே பூமாரிதான்.

நேற்றுக் காலை தங்கமாரி குளித்துவிட்டு வந்தபோது, இருட்டில் கொர்... கொர்...

பூமாரி குறட்டையே விடாதவள். தங்கமாரி அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போர்வையை இழுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவினாள்.

மாலையில் திரும்பியபோது போர்வை அவள் இழுத்துவிட்டபடியே இருந்தது.

"நான்கூட கேட்டேன்" என்று ரத்னா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது, அப்டி ஒரு கொறட்ட!"

தங்கமாரி ரத்னாவின் கையைப் பிடித்தாள். "ரத்னாக்கா... அம்மாட்ட அதச் சொல்லிராதிய."

"இன்னாத்துக்கு?"

வாசலில் வேன் கதவு திறந்தது.

அம்மா மாடத்தி இறங்கினாள். மூலைக்கு ஒருத்தியாய் அழுதுகொண்டிருந்த பெண்கள் அவளைச் சுற்றித் தோள் கோத்தார்கள். திக்குத் திக்காய்க் கிடந்த அழுகை தானாக ஒரே தாளத்துக்கு வந்தது.

ரத்னா அவள் முதுகைத் தடவினாள். "அது ஒண்ணும் கஷ்டப்படலம்மா. கொறட்ட வுட்டுகினு நிம்மதியாத்தான் தூங்கினு இருந்துது."

தாளம் அறுந்தது.

"கொறட்டையா? எம்புள்ளையா?"

மாடத்தியின் கண்கள் கூட்டத்தைத் துழாவி, தங்கமாரியிடம் வந்து நின்றன.

"நீ கேட்டியாட்டி?"

பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தங்கமாரி ஆமென்று மெல்லத் தலையசைத்தாள்.

மாடத்தி ஒரு கையால் மகளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். இறுக்கமான பிடி. மறு கையால் முந்தானையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். மேல் ஈரம் போனது. உள்பக்கம், பூமாரியின் முகத்துக்கு நேராக, பனி ஓர் இலையாய்ப் படர்ந்திருந்தது. நடுநரம்பு, கிளை நரம்பு, யாரோ உட்கார்ந்து வரைந்தது போல.

அழுத்தித் துடைத்தாள். இலை அழியவில்லை.

இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

இலையின் நுனியில் இன்னொரு நரம்பு கிளைத்துக்கொண்டிருந்தது.