மஞ்சள் ஏப்ரன்

அக்கா வேலையை விட்டதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். அலுவலகம் முடிந்து, மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வரப் போனாள். குழந்தை அங்கிருந்த ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, நான் போகல" என்றது. அந்த அம்மா அக்கா இல்லை.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையை அலமாரியின் மேல்தட்டில் வீசினாள்.

"இனிமே கடுகு என் கண் முன்னாடிதான் வளருவா. கூட நாலு பிள்ளைங்களைச் சேர்த்துப் பார்த்துக்கிறேன். வீட்டுலயே காப்பகம்."

கடுகு என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். பிறந்தபோது அவ்வளவு சிறிதாக இருந்தாள்.

"ஒண்ணே வீட்டை ரெண்டாக்குது. இன்னும் நாலா? நான் மொட்டை மாடிக்குக் குடிபோயிடறேன்" என்றார் அத்தான்.

"போங்க. துணி காயப்போடவும் ஆள் ஆச்சு" என்றாள் அக்கா.

நான் அப்போது மாலை வகுப்பில் குழந்தைப் பராமரிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பகலில் சும்மா இருந்ததால் அவளுக்கு நான்தான் துணை. சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளினோம். அதன்பின் அத்தான் கட்டிலுக்குப் பக்கவாட்டாக நடந்துதான் போக வேண்டியிருந்தது. சுவரிலிருந்த பிளக் துளைகளை அடைத்தோம். மேசை முனைகளுக்குப் பஞ்சு ஒட்டினோம். கூடத்துச் சுவரில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கொக்கிகள் அடித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் ஒட்டினேன். குடை, ரயில், வாத்து, பூனை. காலையில் பையை அதில் மாட்ட வேண்டும். சாயங்காலம் அம்மா வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கடுகுக்குக் கொக்கி இல்லை. அவளுக்கு எதற்கு என்று நினைத்தோம்.

ஆரம்பத்தில் கடுகு அக்காவின் மடியை விட்டு இறங்கவே இல்லை. மடியில்தான் சாப்பாடு, மடியில்தான் தூக்கம். மற்றப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் நர்ஸம்மா பணி முடிந்து சீக்கிரமே வந்துவிட்டாள். குடைக் கொக்கிக்காரன் அவள் மகன். பேச்சு இன்னும் வராத, கொழுகொழுவென்ற உருண்டை. அவன் பாயில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மடியெல்லாம் உங்க பொண்ணுக்கு, பாயெல்லாம் எங்க பிள்ளைங்களுக்கா?" என்றாள்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மறுநாளே ரயில் கொக்கிக்காரியின் அம்மா வேறு இடம் பார்க்கப்போவதாக இழுத்தாள்.

"உங்க கிளாஸ்ல இதுக்கு என்னடி சொல்றாங்க?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

நான் குறிப்பைப் புரட்டி வாசித்தேன். நடத்துபவர் தம் குழந்தைக்கும் பிற குழந்தைகளுக்கும் வேறுபாடு காட்டக் கூடாது. எப்படி என்று அதில் இல்லை. ஆசிரியை சொல்லவில்லையா, சொன்னதை நான் எழுதாமல் விட்டேனா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்.

எப்படி என்பதை அக்காவே கண்டுபிடித்தாள். கடையிலிருந்து பளிச்சென்ற மஞ்சள் ஏப்ரன் ஒன்று வாங்கி வந்து மகளின் முன்னால் குந்தினாள்.

"இதைக் கட்டிக்கிட்டா நான் ஆன்ட்டி. அவுத்துட்டா அம்மா. சரியா?"

"கட்டிக்காத" என்றாள் கடுகு.

அக்கா கட்டிக்கொண்டாள். கடுகுக்கும் ஒரு கொக்கி அடித்தோம். அட்டையில் மிச்சமிருந்த ஆமைப் படத்தை அதன் மேல் ஒட்டினேன். காலையில் அக்கா அவளுக்கும் பை கட்டி, படுக்கையறையிலிருந்து கூடத்துக்குக் கூட்டி வந்து, "வாங்க வாங்க" என்று எல்லோரையும் போலவே வரவேற்பாள். சாப்பாட்டிலும் தாலாட்டிலும் கடுகின் முறை கடைசியில். 'அம்மா' என்று கூப்பிட்டால் அக்காவுக்குக் காது கேட்காது. கடுகு அழுது பார்த்தாள், தரையில் உருண்டு பார்த்தாள், பின்னாலிருந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தும் பார்த்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முடிந்தாள். என்னை மட்டும் கடுகு எப்போதும்போலச் சித்தி என்றே கூப்பிட்டாள். எனக்கு யாரும் ஏப்ரன் கட்டவில்லை.

பிறகு அவள் அழுகையை நிறுத்தினாள்.

"பார்த்தியா, பழகிட்டா" என்றாள் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஏப்ரன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மெதுவா, ஆன்ட்டி. வலிக்குது."

சீப்பு பாதியில் நின்றது.

"அப்ப நான் யாரு, அங்கிளா?" என்று அத்தான் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நர்ஸம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம், கடுகு நாற்காலியிலிருந்து விழுந்தாள். நெற்றி தரையில் மோதிய சத்தம் சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. அக்கா நர்ஸம்மாவின் மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எழப்போனவள், வாசலைப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்து, அடுத்த வாயை அவனுக்கே ஊட்டினாள். நான் ஓடி வந்தேன். கடுகு அழவில்லை. தானே எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அடேயப்பா, உங்க பொண்ணுன்னே தெரியல! இப்படித்தாங்க இருக்கணும்" என்றாள் நர்ஸம்மா மனதார.

அக்கா புன்னகை செய்தாள். அந்தப் புன்னகையை என்னால் பார்க்க முடியவில்லை.

நர்ஸம்மா மகனை வாங்கக் கையை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பி, மஞ்சள் ஏப்ரனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். பேச்சே வராத பிள்ளை, தெளிவாக, "அம்மா" என்றான்.

நர்ஸம்மாவின் நீட்டிய கைகள் அப்படியே நின்றன. காப்பகத்திலிருந்து திரும்பி வந்த அன்று அக்காவின் முகம் எப்படி இருந்ததோ, இப்போது இவளுக்கும் அதே முகம்.

"சும்மா... வாய்க்கு வந்ததைச் சொல்றான்" என்றாள் அக்கா. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனைத் தூக்கிக் கொடுத்தாள். நர்ஸம்மா பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். நான்தான் தெருமுனை வரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது மற்றப் பிள்ளைகளும் போய்விட்டிருந்தார்கள். கடுகு ஷூ மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து, கதவோரச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தினமும் அப்படித்தான் உட்காருவாள். பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்று அத்தான் கேலி செய்வார். நாங்களும் விளையாட்டு என்றே விட்டிருந்தோம். நெற்றி வீங்கியிருந்தது. அன்றுதான் கேட்டேன்.

"யாருக்காக உக்காந்திருக்க?"

"அம்மாவுக்கு. எல்லாருக்கும் வந்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் இன்னும் வரல."

உள்ளே பால் புட்டி கழுவும் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தாள். ஏப்ரனை அவிழ்க்கக்கூடப் பொறுமையின்றித் தலைவழியே உருவிச் சலவை இயந்திரத்துக்குள் திணித்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பின்கதவு வழியாகப் போனாள். பக்கத்துச் சந்தில் அவள் ஓடும் சத்தம் கேட்டது.

அழைப்பு மணி அடித்தது.

கடுகு துள்ளி எழுந்தாள். "வந்துட்டாங்க! சித்தி, திற, திற!"

திறந்தேன். அக்கா வாசற்படியில் மண்டியிட்டு, மூச்சு வாங்க, இரண்டு கைகளையும் விரித்திருந்தாள்.

கடுகு அவளைப் பார்த்தாள். பிறகு அவள் தோளுக்கு மேல் எட்டித் தெருவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி வெளிய மாட்டிக்கிட்டாங்க போல. உள்ள விடு சித்தி" என்று ஸ்டூலுக்குத் திரும்பினாள். பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கதவை மட்டும் சாத்தாத. அம்மா வருவாங்கல்ல."