ராமுத்தாயின் விளையாட்டுச் சாமான்

எங்கள் மகள் ராமுத்தாய்க்குக் கொட்டுச் சத்தம் ஆகாது. கேட்டதும் அலறிக்கொண்டு தன் கையையே கடித்துக்கொள்வாள். கையில் ஏதாவது கொடுத்தால் அடங்குவாள் என்று என் வீட்டுக்காரர் சோலைமலை, அகரம் ஊர்த் திருவிழாவில் தேடித் தேடி வாங்கி வந்தது கிலுகிலுப்பை! "சத்தம் ஆகாத பிள்ளைக்கு இதையா வாங்குவாக?" என்று கத்தினேன். அடுத்து மரப்பாச்சி, ரப்பர் பந்து. எதையும் அவள் தொடவில்லை.

கடைசியில் பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்தார். தாடி வளர வளரப் பிள்ளையின் அலறல் குறைந்தது. கொட்டுச் சத்தம் கேட்டால் அப்பா மடியில் ஏறி, தாடியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே அமைதியாக உட்கார்ந்திருப்பாள். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பழனிக்குப் போனோம். முடியும் தாடியும் இறக்கினார்.

மழமழவென்று வந்த முகத்தைத் தடவிப் பார்த்த பிள்ளை, கையைக் கடித்துக்கொண்டு அலறினாள்.

"ஏங்க, அவ விளையாட்டுச் சாமான் இம்புட்டு நாளும் உங்க மூஞ்சியிலதானே இருந்திருக்கு! அதைப் போயி செரைச்சுப்புட்டீகளே!"

அவர் தாடையைத் தடவினார். பிறகு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"முருகா, இன்னைக்கே இன்னொரு தாடி நேர்ந்துக்கிறேன். எதுக்குன்னு பொறவு யோசிச்சுச் சொல்றேன்."