பரணில் இருந்த கடல்

"சாம்பார்ல உப்பு போட்டது நீயா, உன் லட்சியமா? அம்பத்தோரு வயசுலயும் ஒழுகிட்டே இருக்கு. நாளைக்கு நகராட்சி வண்டி வருதுல்ல, கொடுத்துத் தொலை."

இது என் கணவர் ஜெயசீலன் சொன்னது. ஓர் எழுத்துகூட நான் கூட்டவில்லை.

எங்கள் ஊரில் பெண்ணின் லட்சியம் கல்யாணச் சீரோடு வரும். அண்டா, இட்லிக் கொப்பரையோடு பரணில் ஏறும். என்னுடையது கடல். பத்தாம் வகுப்பில் சிஸ்டர் பெர்பெச்சுவா லட்சியம் என்னவென்று கேட்டபோது "நிறைய நீந்துவேன்" என்று எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்தின்போது அதை டிரங்குப் பெட்டியில் அடைத்துத் தந்தார்கள். பெட்டி இருப்பது சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே. இருபத்தேழு வருடமாக அவர் தட்டில் சொட்டுகிறது. தட்டை நகர்த்திக்கொள்ள மனிதருக்குத் தோன்றியதே இல்லை.

ஐம்பது தாண்டியும் புதுப்பிக்காத லட்சியங்களை நகராட்சி எடுத்துப்போய்க் காயவைத்துவிடும். எதிர்வீட்டு ரெஜினாவின் வயலின் அப்படித்தான் போனது. இப்போது அவள் வீட்டில் மிக்ஸிகூடச் சத்தமில்லாமல் அரைக்கிறது.

சாப்பாட்டை அப்படியே விட்டு வார்டு அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் பழைய தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"நிறையன்னா எவ்வளவு மேடம்? எங்கேருந்து எங்க? எப்ப?"

நியாயமான கேள்வி. பதினைந்து வயதில் யாரும் கேட்கவில்லை. எழுதினேன்: என் சமையலறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை. நாளை காலை பத்து மணி.

"நம்ம ஊர்ல கலங்கரை விளக்கம் இல்லையே?"

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடும்."

"சார் கையெழுத்து?"

"நீந்தப் போறது அவர் இல்லம்மா."

முத்திரை குத்தினாள்.

மறுநாள் குக்கரை ஏற்றிவிட்டு, பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் வந்த நகராட்சி ஆட்களுக்கு, ஃபிரிட்ஜைச் சுற்றி நீந்தியபடியே சீட்டைக் காட்டினேன். சரிபார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார்கள். அடுப்பு தண்ணீருக்கடியில் நிதானமாக எரிந்தது. இவர் செய்தித்தாளை நனையாமல் தூக்கிப் பிடித்துப் பரணில் ஏறி, அண்டாவுக்கும் கொப்பரைக்கும் நடுவே உட்கார்ந்தார். பெட்டி இருந்த இடம் அவருக்கு அளவாக இருந்தது.

தெருமுனை தாண்டியதும் அலை பெரிதானது. பின்னால் இரண்டாவது விசில் கேட்டது. திரும்பாமலே கத்தினேன்.

"என்னங்க! அடுத்த விசிலுக்கு அடுப்பை அணைச்சிடுங்க!"

ஏழாவது விசிலுக்கு, தூரத்தில் கலங்கரை விளக்கம் ஒருமுறை எரிந்து அணைந்தது.