மொழிபெயர்க்காத பக்கம்

அண்ணன் அலமாரியைக் குடைந்து அம்மாவின் ஸ்வெட்டரை வெளியே இழுத்துப்போட்டான். இன்னொரு கையில் போன். "ஆமா சார், மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஸ்ட்ரெச்சர் உள்ள போகும். கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லி முடித்துவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "மரம் மாதிரி நிக்கிறியே, அம்மாவுக்கு சாக்ஸ் போட்டுவிடு."

அவள் நகரவில்லை. கட்டிலில் அம்மா வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். மூச்சு வந்தது, போனது, பிறகு வரவில்லை. இனி வராது என்று தோன்றுகிற நேரத்தில், தொண்டையில் கரகரவென்ற சத்தத்தோடு மறுபடி வந்தது. காலையிலிருந்தே இப்படித்தான்.

நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புக்கும் பரவிய பிறகு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "இன்னொரு தடவ என் தொண்டைல குழாய விடறதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க, பெத்த பிள்ளைங்கன்னு பாக்கமாட்டேன், கடிச்சு வெச்சிருவேன்." அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். தலையாட்டுவதில் என்ன இருக்கிறது? அம்மாவின் மூச்சு நின்று நின்று வருவதைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவனுக்கு ஆகாத காரியம். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டே பிழைப்பை நடத்துகிறவன்.

"வீட்டுக்கு வந்து பாக்கற நர்ஸ்கிட்ட பேசிட்டேன்ணா. வலிக்கு மருந்து போட்டாச்சு, வேற எதுவும் பண்ண வேணாம், பக்கத்துல இருங்கன்னாங்க. சாயந்தரம் வர்றாங்க."

"சாயந்தரமா? நல்லா வந்தாங்க! அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். இந்தா, இதப் பாரு." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "நான் ஒண்ணும் சும்மா குதிக்கல. கண்ட வீடியோவப் பாத்துட்டும் பேசல. டாக்டருங்க சரிபாத்துப் போடற சைட்டு இது. தமிழ்லயே இருக்கு, கேளு. 'மூச்சு விடச் சிரமப்பட்டால் தாமதிக்காதீர்கள். யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.' கேட்டியா? யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாதாம். அதுல நீயும் சேத்தி."

அந்த மூன்று வரிகளையும் அவள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். நோய்களையும் மருத்துவ ஆராய்ச்சிகளையும் எளிமையாக விளக்குகிற அந்தத் தளத்துக்குத் தமிழாக்கம் செய்வதுதான் அவள் வேலை. நடுவில் உள்ள வரி மூலத்தில் கிடையவே கிடையாது. பெரியப்பாவைக் கேட்கலாம், மாமா வரட்டும் என்று நாளைக் கடத்துகிற குடும்பங்களுக்கு உறைக்கட்டும் என்று அவளாகச் சேர்த்தது. படிக்கவே விறுவிறுப்பாக இருக்கிறது என்று தளத்தின் ஆசிரியர் வேறு பாராட்டினார்.

"அத எழுதினதே நான்தான்ணா."

"எத?"

"அந்தப் பக்கத்த. நடுவுல இருக்கற வரி நானாச் சேத்தது. அது பிழைக்கப் போறவங்களுக்காக எழுதினது."

அண்ணன் திகைத்துப்போனான். தங்கை வீட்டிலிருந்தே ஏதோ டைப் அடிக்கிறாள் என்பதற்கு மேல் அவளுடைய வேலையைப் பற்றி அவன் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. ஆனால் சட்டென்று சுதாரித்துக்கொண்டான். "அப்போ பிழைக்காதவங்களுக்கு எங்க எழுதியிருக்க? காட்டு. அப்படி ஒண்ணு இருந்தா ஆம்புலன்ஸ இப்பவே திருப்பி அனுப்பிடறேன்."

அப்படி ஒரு பக்கம் இருந்தது, ஆங்கிலத்தில். 'கடைசி நாட்களில் என்ன நடக்கும்' என்று தலைப்பை மட்டும் தமிழில் அடித்து வைத்திருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைத் தொடவில்லை. ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் ஒரு சாக்கு. பயம்தான், வேறென்ன?

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "தமிழ்ல இன்னும் வரல. நான் சொல்லச் சொல்லக் கேளு."

"வண்டி வர்ற வரைக்கும்தான்."

"'கையும் காலும் சில்லுன்னு ஆயிடும். தோல் அங்கங்க நீலம் பாஞ்ச மாதிரி இருக்கும்.'"

சாக்ஸோடு குனிந்த அண்ணன் அம்மாவின் பாதத்தைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்கவில்லை. "ம், மேல."

"'மூச்சு சீரா வராது. நடுவுல நின்னு நின்னு வரும். தொண்டைல எச்சில் தேங்கி சத்தம் கேக்கும்.'" அடுத்த வரிக்குப் போனாள். "'பாக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா இதனால அவங்களுக்கு வேதனை பெரும்பாலும் தெரியாது.'"

"தெரியாதுன்னா? நிச்சயமாவா போட்டிருக்கு?"

நிச்சயமாக என்று ஒரு வார்த்தை போதும், அண்ணன் அடங்கிவிடுவான். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. கீழே தெருவில் சைரன் கேட்டது.

"பெரும்பாலும்னுதான் போட்டிருக்கு."

"அதென்ன பெரும்பாலும்?"

"பெரும்பாலும்னா பெரும்பாலும்தான்ணா. இந்தத் தடவ நானா எதையும் சேக்கல."

அண்ணன் அவள் கண்ணையே பார்த்தான். "நம்ம என்ன பண்ணணுமாம்?"

"'பக்கத்துல இருங்க. பேசுங்க. அவங்களுக்குக் காது கேட்டுக்கிட்டு இருக்கலாம்.' அவ்வளவுதான்."

அழைப்பு மணி அடித்தது. ஒரு முறை, உடனே இன்னொரு முறை. அண்ணன் எழுந்து கூடத்துக்குப் போனான். கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் வாசற்படியில் இடித்தன. யாரோ "பேஷன்ட் எங்க?" என்றார்கள். அவள் அம்மாவின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டாள், தூக்க வந்தால் தன்னையும் சேர்த்துத்தான் தூக்கவேண்டும் என்பதுபோல. அண்ணன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவர்கள் ஏதோ கேட்டார்கள். அவன் மறுபடியும் சொன்னான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் மட்டும் திரும்பி வந்தான். "திட்டிட்டுப் போறாங்க" என்றான்.

பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். "அம்மா, நாம எங்கயும் போகல. நம்ம வீட்லதான் இருக்கோம். ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."

மூச்சு போனது. நின்றது. வந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் மெல்லப் போர்வையிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. மூச்சு போனது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இவ்வளவு நேரம் ஆனதில்லை. இன்னும் காத்திருந்தார்கள்.

"அடுத்து என்ன போட்டிருக்கு?" என்று அண்ணன் கேட்டான்.

அவள் திரையைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சுண்ணா."

"கீழ ஏதோ இருக்கே."

"இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியா இருந்துச்சான்னு கேக்குது. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ண அமுக்கணும்."

"ஆமா எது?"

"இடது பக்கம்."

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, அம்புக்குறியை நகர்த்தி அமுக்கினான். பதியவில்லை. விரல் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினான்.